சும்மா இருந்த பதினோரு நிமிடம்

அண்ணியின் தலையில் முப்பத்திரண்டு விளக்குகள் எரிந்தன. இருபத்தொன்பது பச்சை, மூன்று சிவப்பு.

"மூணு சிக்னல் இன்னும் விழலையே" என்றாள் அண்ணி, கைக்கண்ணாடியில் தன் மண்டையைப் பார்த்தபடி.

"முடி அடர்த்தி மேடம். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே ஆராய்ச்சிக்காரப் பெண், முனை மழுங்கிய ஊசிக்குழாயால் தொப்பியின் ஓட்டைகளில் ஜெல்லை அழுத்தினாள். நீச்சல்காரர்கள் போடுவது போன்ற தொப்பி அது. அதில் முப்பத்திரண்டு பொத்தான்கள். பொத்தான் தலைத்தோலைச் சரியாகத் தொட்டால் அதன் விளக்கு பச்சையாகும். அவற்றிலிருந்து கிளம்பிய ஒயர்கள் ஒன்றாகச் சேர்ந்து சடைபோல முதுகில் இறங்கி, இடுப்பில் கட்டிய ஒரு சின்னப் பெட்டிக்குள் போய் மறைந்தன.

பக்கத்து நாற்காலியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "இப்படியே வெளியில போயிடாதீங்க அண்ணி. வர்ற வண்டியெல்லாம் குழம்பி நின்னுடும்."

"அடுத்தது உன் தலையிலதான் ஏறப்போகுது. வாயை மூடிட்டு உக்காரு."

அது ஒரு ரயில் கட்டுப்பாட்டு அறை. மூன்றாவது மாடி, ஜன்னல் கிடையாது, ஆறு மேசைகள். மேசைக்கு ஐந்து திரைகள், ஒரு தொலைபேசி, ஒரு வயர்லெஸ். தண்டவாளம் வெளியே கிடக்கிறது. அதன் படம் திரையில் ஓடுகிறது. அந்தப் படத்தின் படம் மேசைக்காரரின் மண்டைக்குள் ஓடுகிறது. எந்தக் கூட்ஸைப் பக்கத்து லூப் லைனில் ஒதுக்கிவைப்பது, எந்த எக்ஸ்பிரஸை முன்னால் விடுவது என்றெல்லாம் முடிவு செய்வது அந்த மூன்றாவது படம்தான். மேற்குத் தடம் அண்ணியுடையது; ஒரே நேரத்தில் பதினாலு வண்டி. கிழக்குத் தடம் நாத்தனாருடையது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த முதல் நாள், நாத்தனார் பதற்றத்தில் "அண்ணி, இந்தச் சிவப்பு ஏன் போகமாட்டேங்குது" என்று அறை அதிரக் கத்தினாள். அன்றோடு அண்ணியின் சொந்தப் பெயர் ஓய்வுபெற்றது. மேசைக்காரர்கள் அண்ணி என்றார்கள். ஓட்டுநர்கள் வயர்லெஸ்ஸில் "அண்ணி, பச்சை கிடைக்குமா" என்றார்கள். அண்ணியைவிடப் பத்து வயது மூத்த கார்டு ஒருவரும் கூசாமல் அண்ணி என்றார். தலைமையகத்திலிருந்து வந்த கடிதத்தின் உறையில் "அண்ணி அவர்களுக்கு" என்றே அச்சாகியிருந்ததாக ஒரு பேச்சு உண்டு. அந்த உறையை யாரும் பார்த்ததில்லை, நம்பாதவரும் யாருமில்லை. நாத்தனாருக்கு அங்கே பெயர் சின்னவள்.

சின்னவளை இந்த வேலைக்குள் இழுத்துப்போட்டதே அண்ணிதான். விண்ணப்பத்தை நிரப்பியது, பரீட்சைக்குப் படிக்கவைத்தது, முதல் ஆறு மாதம் பின்னால் நின்று தலையில் குட்டியது எல்லாமே அவள் கைங்கரியம். ஆகவே இப்போது நடப்பதற்கும் தானே பொறுப்பு என்று அண்ணி நினைத்தாள்.

நடப்பது இதுதான். அவர்களின் பெரிய அதிகாரிக்கு அறையில் 'சுருக்கி' என்று பெயர். எதையும் சுருக்காமல் அவருக்கு உறக்கம் வராது. அறிக்கையைச் சுருக்குவார், தேநீர் இடைவேளையைச் சுருக்குவார், ஒருமுறை சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் நீளம் என்று அதையும் சுருக்கினார் என்பார்கள். இப்போது ஆறு மேசையை ஐந்தாக்க ஆசைப்பட்டார். மேற்கும் கிழக்கும் ஒரே மேசை. அந்த மேசையில் அண்ணி. சின்னவளுக்கு ஒன்பது மணி நேரப் பயண தூரத்தில் ஒரு ஸ்டேஷன். அவள் கணவர் இதே ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ், கூடப் போக முடியாது. மகளுக்கு மூன்று வயது.

நாளைக்கு ஏதாவது ஆனால் பழி தன்மேல் விழக்கூடாதே என்று சுருக்கி ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். வேலை பார்க்கும்போது மூளைக்குள் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதை மூளையின் அலைகளைக் கொண்டே அளக்கிறார்களாமே, அண்ணி தலையில் இன்னொரு தடத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளந்து சொல்லுங்கள். அப்படி வந்தவள்தான் இந்தத் தொப்பிக்காரி.

"ரெண்டு தடவை அளப்போம் மேடம்" என்று அவள் முதல் நாளே விளக்கியிருந்தாள். "கடையில எண்ணெய் வாங்கப் போனா முதல்ல காலிப் பாத்திரத்தை எடை போடுவாங்க இல்லையா, அப்புறம் எண்ணெயோட. அதே மாதிரி முதல்ல நீங்க கண்ணை மூடி சும்மா இருக்கும்போது ஒரு பதிவு. அது காலிப் பாத்திரம். அப்போ பின்மண்டையில அலையெல்லாம் பெருசா, நிதானமா ஆடும். வேலை ஏற ஏற அது சுருங்கும், முன்னந்தலையில வேற ஒரு அலை எழும்பும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க வேலையோட எடை."

"அப்ப என் தலையைத் தராசுல வைக்கப்போறீங்க."

"அப்படியும் சொல்லலாம்."

"கழுத்தோட வைங்க. வீட்டுல தேடுவாங்க."

*

காலை பத்து மணிக்கு மாற்றாள் வந்து அண்ணியின் நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருவார். அந்தப் பத்து நிமிடத்தில் அண்ணி பக்கத்து அறைக்குப் போய்க் காலிப் பாத்திரமாக வேண்டும். ஏற்பாடு கச்சிதம்தான். ஆனால் தொப்பிக்காரிக்குத் தெரியாத ஒன்று அந்த அறையில் இருந்தது.

அங்கே நாற்காலியைக் கொடுத்துவிட்டு எழுந்தாலும் வண்டிகளைக் கொடுத்துவிட்டதாக ஆகாது. தான் அனுப்பிய வண்டி அடுத்த ஸ்டேஷனைத் தாண்டும்வரை அது தன்னுடையதுதான். எழுந்தவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்; ஒவ்வொன்றாகத் தாண்டத் தாண்ட, "பதினேழு போச்சு, நாப்பத்திரண்டு போச்சு" என்று மண்டையிலிருந்து இறக்கிவிட்டுத்தான் கிளம்புவார். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு விதி இல்லை. ஆனால் கழிவறைக் கதவுக்குள்ளிருந்து "அந்தப் பதினேழு பாலம் தாண்டிருச்சா" என்று குரல் வருவதும், வெளியே இருப்பவர் "தாண்டிருச்சு, நீ நிம்மதியா இரு" என்பதும் அங்கே சர்வசாதாரணம்.

பக்கத்து அறை முன்பு காகிதக் கட்டுகள் வைத்திருந்த இடம். நடுவில் மெல்லிய பலகைச் சுவர்.

"கண்ணை மூடிக்குங்க. மூணு நிமிஷம். எதையும் யோசிக்க வேண்டாம். சும்மா இருங்க."

அண்ணி கண்ணை மூடினாள். அறை போனது, மேற்குத் தடம் வந்தது. நாற்காலிக்குப் பின்னால் நிற்க விடவில்லையே, வேறென்ன செய்வது, உள்ளுக்குள்ளேயே நின்றுகொண்டாள். நாற்பத்திரண்டு பெட்டி கூட்ஸ் லூப்புக்குள் நுழைகிறது, வால் இன்னும் மெயின் லைனில் கிடக்கிறது. பின்னால் எக்ஸ்பிரஸ். பாலத்தில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மாற்றாள் நல்லவர்தான், ஆனால் பாலத்தை மறந்துவிடும் ஜாதகம். சுவருக்கு அந்தப் பக்கம் மணி ஒருமுறை அடித்தது. இரண்டாவது மணி இந்நேரம் வந்திருக்க வேண்டுமே. ஏன் வரவில்லை. வந்தது. சரி, வால் உள்ளே போய்விட்டது. போகிற போக்கில் சின்னவளின் கிழக்குத் தடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள்.

"போதும் மேடம். சும்மா இருந்தீங்களா?"

"பின்னே? கைய கால அசைக்கலையே."

அவள் பொய் சொல்லவில்லை. இருபத்தோரு வருஷமாக மூச்சுபோல உள்ளே ஓடிக்கொண்டிருப்பதை யாராவது யோசனை என்று சொல்வார்களா? யோசனை என்றால் பெண்ணுக்கு வரன் பார்ப்பது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது.

இப்படி ஐந்து நாள். சின்னவளுக்கும் இதே தொப்பி, இதே மூன்று நிமிடம். ஆனால் அவளுடைய கிழக்குத் தடம் பத்து மணிக்குக் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும், இறக்கிவைக்க வண்டியே இருக்காது. அதனால் அவள் முதல் நிமிடத்திலேயே லேசாகக் குறட்டை விட்டாள் என்று தொப்பிக்காரி எழுப்பிவிட வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்தது. அண்ணி வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் நின்று பதினாலையும் இறக்கிவிட்டுப் பக்கத்து அறைக்கு வந்தாள். ஜெல்லைக் கழுவ ஒரே ஒரு தொட்டிதான். அதைச் சின்னவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கழுவறது முடியையா, யானையையா?" என்று அண்ணி குரல் கொடுத்தாள்.

"இருங்க அண்ணி, வாலு மட்டும் பாக்கி."

தொப்பிக்காரி பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி தொப்பியோடு சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். தண்ணீர் விழும் சத்தம். அவ்வளவுதான்.

*

முடிவைச் சொல்ல எல்லோரையும் சுருக்கி தன் அறைக்கு அழைத்தார். திரையில் வேலையின் எடையைக் காட்டும் இரண்டு கட்டைகள் நின்றன. சின்னவளின் பெயர் போட்ட கட்டை இடுப்பளவு. அண்ணியின் கட்டை கணுக்கால் அளவுகூட இல்லை.

"நான் இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல" என்றாள் தொப்பிக்காரி. குரலில் வியப்பு மறையவில்லை. "இவங்க மூளை ஓய்வுல இருக்கறதுக்கும் பதினாலு வண்டி ஓட்டறதுக்கும் வித்தியாசமே தெரியல. எங்க பேராசிரியர் இதை உடனே வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்பிட்டார். அவங்களும் கூப்பிட்டுட்டாங்க."

சுருக்கியின் முகம் மலர்ந்தது. "அம்மா, உங்க மண்டையில பாதிக்குமேல காலியா கிடக்கு. எவ்வளவு பெரிய விஷயம்."

மண்டை காலி என்று ஒருவர் பாராட்டாகச் சொன்னது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். அண்ணிக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடிக்காகப் பிறகு நாலு நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். ஏனென்றால் அடுத்த வாக்கியத்திலேயே சுருக்கி, "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலேருந்து ரெண்டு தடமும் உங்க மேசை" என்று முடித்துவிட்டார்.

என்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மூளையே முடியும் என்று சொல்லும்போது வாய் எப்படி மறுக்கும்?

வராந்தாவில் சின்னவள் கையை நீட்டினாள். "வாழ்த்துகள் அண்ணி. இவ்வளவு கெட்டிக்காரியா இருந்திருக்க வேண்டாம் நீங்க."

"என்னை ஏண்டி குத்திக் காட்டறே."

"குத்தலை. சரி, கேட்டுக்குங்க. அந்தப் பதினொண்ணேகால் பாசஞ்சர் டிரைவர் கொஞ்சம் கோவக்காரர். ரெண்டு நல்ல வார்த்தை சொன்னீங்கன்னா சொன்னபடி கேப்பார். தடம் மாத்தற மூணாவது பாயிண்ட்டு மழை பேஞ்சா மக்கர் பண்ணும். அப்புறம்..." என்று சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். "குட்டி கேக்கறா, அந்த ஊர்லயும் அத்தை இருப்பாங்களான்னு."

அண்ணி அவள் நீட்டிய கையைப் பிடித்தபடியே படியிறங்கினாள்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் செய்த காரியங்களைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான்கு மணிக்கு வீட்டுக்காரர் பார்க்கும்போது பால் பாக்கெட், சாவி மாட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவிக்கொத்து குளிர்சாதனப் பெட்டிக்குள் உறைந்துகொண்டிருந்தது. காப்பியில் உப்பு.

வீட்டுக்காரருக்குப் போட்டோ ஸ்டூடியோ. தெருவைப் பார்த்த முன்னறை கடை, பின்னால் வீடு. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதில் மன்னர். எழுந்து நடப்பதில் மட்டும் அவருக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

"பாதி இடம் காலின்னு சொன்னாங்களே" என்றார், சில்லிட்ட சாவியைத் துண்டில் பிடித்துக்கொண்டு. "இதை அங்க வச்சிருக்கலாம்ல."

"என்னங்க, வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. எனக்கு ஷிப்டு முடிஞ்சா தலை கஞ்சியாயிடுது. அந்த மெஷின் எதுவுமே இல்லைங்குது. நான் பொய்யா, அது பொய்யா?"

"வருஷம் இருபத்தொண்ணா உன்னைப் பாக்கறேன். மெஷின் பாத்தது அஞ்சே நாள்." அவர் உப்புக் காப்பியை ஒரு மிடறு குடித்தார், முகம் மாறாமல். "நான் உன் பக்கம்தான்."

*

தொப்பிக்காரி மாநாட்டுக்குப் போக விசா வேண்டும். விசாவுக்குப் போட்டோ வேண்டும். நல்ல இடமாகச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டது, பாவம், அண்ணியிடம். மறுநாள் மூன்று மணிக்கு அண்ணியே அழைத்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணின் முகம் இறுகியது. சிரிக்கக்கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், காது தெரிய வேண்டும் என்ற விதிகளையெல்லாம் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். தோள்கள் காதுக்கு ஏறின. கண்கள் போலீஸைப் பார்த்த மாதிரி விரிந்தன.

போட்டோக்காரர் மூன்று முறை பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தார். "அவ்வளவுதாம்மா. எடுத்தாச்சு. எந்திரிச்சுக்கலாம்."

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். தோள் இறங்கியது, முகம் தன் சொந்த முகமானது. அந்தக் கணத்தில் இன்னொரு முறை பளிச்.

"எடுத்தாச்சுன்னீங்களே."

"இப்பதான் எடுத்தேன். முன்னாடி அடிச்சது வெறும் வெளிச்சம்." அவர் காமிராவைத் திருப்பிக் காட்டினார். "சாதாரணமா இருங்கன்னு சொன்னா இந்த உலகத்துல எவனும் சாதாரணமா இருக்கமாட்டான். வேலை முடிஞ்சதுன்னு சொல்லணும். அப்ப வருவான் பாருங்க, ஒரிஜினல் ஆளு. எங்க கல்யாணப் போட்டோவுல இவ மொறைச்சிட்டு நிப்பா. அன்னிக்கு எனக்கு இந்த வித்தை தெரியாது."

"அன்னிக்கு மொறைச்சது நெஜமான மூஞ்சிதான்" என்றாள் அண்ணி.

தொப்பிக்காரி சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து பாதி எழுந்த நிலையிலேயே நின்றாள். "மேடம், ஒண்ணு கேக்கறேன். நான் சும்மா இருங்கன்னு சொல்லுவேனே, அந்த மூணு நிமிஷம். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சும்மாதான் இருப்பேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா. பதினாலு வண்டியையும் பாத்துக்குவேன். மாத்தாள் பாலத்துல வேகத்தைக் கவனிக்கணுமே. சின்னவளோட தடத்தையும் ஒரு பார்வை. வேற ஒண்ணும் யோசிக்கமாட்டேன்."

அந்தப் பெண் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணிக்கும் அவள் முகத்துக்கும் அப்போது நிறத்தில் வேறுபாடு இல்லை.

"கண்ணை மூடிக்கிட்டா?"

"மூடச் சொன்னது நீங்கதானே. உண்மையில, திரை இல்லாம ஞாபகத்துலயே ஓட்டறது கொஞ்சம் கஷ்டம்தான்."

பிறகு தொப்பிக்காரி மெதுவாகச் சொன்னாள்: "நாம காலின்னு எடை போட்ட பாத்திரம் காலியில்ல. அதுல விளிம்புவரைக்கும் எண்ணெய் இருந்திருக்கு. எண்ணெய்ல எண்ணெயைக் கழிச்சா என்ன வரும்? அதைத்தான் நாங்க மாநாட்டுக்கு அனுப்பியிருக்கோம்."

அண்ணியின் கணக்கு வேறு பக்கம் ஓடியது. இந்தப் பெண் இப்போது வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் தெரியாது. விமானம் ஏறுவாள், கைதட்டு வாங்குவாள். சின்னவள் மூட்டை கட்டுவாள்.

தொப்பிக்காரி பையைத் திறந்து மடிக்கணினியை எடுத்தாள்.

"உங்களோட நெஜமான சும்மா எங்கயாவது கிடைக்குமான்னு பாக்கணும். அஞ்சு நாள்ல ஒரு தடவைகூடவா இல்லாம போயிடும்?" விரல்கள் வேகமாக ஓடின. "கடைசி நாள். ஆமா, அன்னிக்குப் பெட்டி கட்டற அவசரத்துல பதிவை நிறுத்த மறந்துட்டேன். அதுக்காகப் பேராசிரியர்கிட்ட திட்டுகூட வாங்கினேன். மதியம் ரெண்டு எட்டு..."

திரையில் முப்பத்திரண்டு கோடுகள் வந்தன. சந்தைக்கூட்டம்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெரிசலாக ஓடின. இரண்டு பத்து, கொஞ்சம் தளர்ந்தன. இரண்டு பன்னிரண்டுக்கு, யாரோ கையமர்த்திய மாதிரி, பின்மண்டைக் கோடுகளெல்லாம் ஒரே தாளத்துக்கு வந்து, பெரிய பெரிய உருண்டையான அலைகளாக நிதானமாக ஆடத் தொடங்கின. ஏரியில் காற்று வீசினால் வருமே, அதுபோல.

போட்டோக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "யாரு இது?"

"உங்க மனைவி."

"நிச்சயமாவா? நமக்குத் தெரிஞ்ச ஆள் மாதிரி இல்லையே. தூங்கியிருப்பா."

"தூக்கம் வேற மாதிரி இருக்கும் சார். இது முழிச்சுக்கிட்டுச் சும்மா இருக்கறது. பதினோரு நிமிஷம்."

அண்ணி திரைக்குக் கிட்டே போனாள். சுவர், தண்ணீர்ச் சத்தம், மடியில் கிடந்த தன் கைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பதினாலையும் இறக்கியாகிவிட்டது, தலையைக் கழுவத் தொட்டி கிடைக்கவில்லை, செய்வதற்கு உலகத்தில் ஒன்றுமே இல்லை. இருபத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு பதினோரு நிமிடம் தனக்கு வாய்த்தது, யாரோ வந்து படம்போட்டுக் காட்டும்வரை தெரியவில்லை.

"இதைக் காலிப் பாத்திரமா வச்சு மறுபடி கணக்குப் போட்டா?" என்று கேட்டாள்.

தொப்பிக்காரி போட்டாள். அண்ணியின் கட்டை கணுக்காலிலிருந்து கிளம்பி, இடுப்பைத் தாண்டி, சின்னவளின் கட்டையையும் தாண்டி, திரையின் மேல்விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

"மாநாடு?" என்றார் போட்டோக்காரர் தணிந்த குரலில்.

"இன்னிக்கே எழுதிடறேன், தப்புன்னு." அவள் மடிக்கணினியை மூடினாள். "போட்டோ வேண்டியிருக்காது சார்."

"எடுத்தது எடுத்தது. வச்சுக்கம்மா. நல்லா வந்திருக்கு."

*

சுருக்கி லேசில் மசிகிற ஆள் இல்லை.

"அளந்தாச்சு, முடிஞ்சாச்சு. இனிமே அது தப்பு இது சரின்னா எப்படி? எனக்குச் சுருக்கமா சொல்லுங்க, அந்தம்மா சும்மா இருந்தாங்களா, இல்லையா?"

"சும்மா இருக்கறதுன்னா என்னன்னு காட்டினாத்தான் சார் புரியும்" என்றாள் தொப்பிக்காரி. "மூணே நிமிஷம். தொப்பியை நீங்க போட்டுக்கறீங்களா?"

அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. வெளியே ஷிப்டு முடிந்த ஆட்கள் தற்செயலாக நின்றுகொண்டிருந்தார்கள், பதினோரு பேர்.

தொப்பியை வைத்து ஜெல்லைத் தொட்ட மாத்திரத்தில் முப்பத்திரண்டும் பச்சை. அப்படியொரு வழுக்கை. "இவருக்கு மட்டும் எல்லா சிக்னலும் உடனே விழுந்துடுது பாருங்க" என்று வெளியே யாரோ முணுமுணுத்தார்கள். சின்னவளின் குரல்போல இருந்தது.

சுருக்கி கண்ணை மூடினார். இரண்டாவது விநாடியில் அலைகள் வந்தன. என்ன அலைகள்! பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி உருண்டு, திரண்டு, ஒன்றுகூடப் பிசகாமல் மூன்று நிமிடமும் ஆடின. நாலு சுறாமீன் நீந்தினாலும் கலங்காத கடல்.

தொப்பிக்காரி மூன்று காகிதங்களை மேசையில் வைத்தாள். "இது உங்க ஓய்வு சார். இது அண்ணியோட பதினோரு நிமிஷம். ரெண்டும் ஒரே ஜாதி. இது பத்து மணிக்கு அவங்க சும்மா இருந்ததா நான் நினைச்சது."

சுருக்கி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது தாளில் கோடுகள் அடிதடி நடத்திக்கொண்டிருந்தன. அவர் விரல் முதல் தாளுக்குத் திரும்பியது.

"என்னோடது எப்படி?"

"இந்தக் கட்டடத்துலயே இவ்வளவு சுத்தமான ஓய்வை நான் பாக்கல சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதிப்பான ஒரு திறமை தன்னிடம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்ற நெகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. பிறகு, தொப்பியைக் கழற்றாமலேயே, அண்ணியைப் பார்த்தார்.

"அம்மா, இந்த மூணாவது... கண்ணை மூடிட்டு இருக்கும்போதும் இப்படித்தானா? எப்பவும்?"

"வண்டி தாண்டறவரைக்கும் சார். தாண்டிட்டா இறக்கிடுவேன். ரெண்டு தடம் குடுத்தீங்கன்னா ஒண்ணை இறக்கறதுக்குள்ள இன்னொண்ணு ஏறிடும். அப்புறம் ஒருநாள் எதை இறக்கினேன், எதை இறக்கலைன்னு எனக்கே தெரியாம போயிடும். அதுக்குத்தான் பயப்படறேன்."

இருபத்தோரு வருஷத்தில் அண்ணி மேலதிகாரியிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். சுருக்கி அதைச் சுருக்கச் சொல்லவில்லை.

"மூணு நாள் மறுபடி அளங்க" என்றார். "இந்த முறை வண்டியை இறக்கின பிறகு."

மூன்று நாளும் ஷிப்டு முடிந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, கடைசி வண்டி தாண்டியபிறகு அளந்தார்கள். மூன்று நாளும் கட்டை கூரையைத் தொட்டது. ஒன்றாந்தேதி வந்தது, மேற்கும் கிழக்கும் பக்கத்துப் பக்கத்து மேசைகளிலேயே இருந்தன. உத்தரவு ரத்து என்ற கடிதம் ஒரே வரியில் வந்தது. கூடவே இன்னொரு வரி: மேசை மாறும்போது பின்னால் நிற்கும் நேரமும் வேலை நேரமே. ஆறு நாற்காலிகளுக்குப் பின்னாலும் ஆறு ஸ்டூல்கள் வந்தன. இனி நிற்க வேண்டாம், உட்கார்ந்தே இறக்கலாம்.

"பதினொண்ணேகால் டிரைவருக்குன்னு ரெண்டு நல்ல வார்த்தை யோசிச்சு வச்சுட்டேன்" என்றாள் அண்ணி. "எனக்கே குடுத்துடேன்."

"உங்க பதினாலைப் பாருங்க முதல்ல" என்றாள் சின்னவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "குட்டி சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரணுமாம். அத்தை கையால காப்பி வேணுமாம். உப்பு போடாம."

தொப்பிக்காரியின் கடிதத்துக்கு மாநாட்டிலிருந்து பதில் வந்தது. அந்த அதிசய மூளையைப் பற்றிப் பேச வேண்டாம். அந்தத் தப்பைப் பற்றியே வந்து பேசுங்கள், எங்களில் பாதிப்பேர் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். போட்டோ வீண்போகவில்லை.

புறப்படுமுன் அவள் ஸ்டூடியோவுக்கு வந்து ஒரு நீளக் காகிதச் சுருளைக் கொடுத்துவிட்டுப் போனாள். போட்டோக்காரர் எழுந்து நடந்தார். நிஜமாகவே நடந்தார், அதுவும் தெருக்கோடிக் கண்ணாடிக் கடைவரை. சட்டம் போட்டு, பாஸ்போர்ட் போட்டோக்களுக்கும் கல்யாணப் போட்டோக்களுக்கும் நடுவில், நாலடி நீளத்துக்கு மாட்டினார்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நேற்று ஓட்டுநர் உரிமத்துக்குப் படமெடுக்க வந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சார் இது, மலைத்தொடரா?"

"இல்லைங்க. என் வீட்டுக்காரி சும்மா இருந்தது. உலகத்துலயே ஒரே காப்பி."

பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு இல்ல, நாலு. அப்புறம் மூணு நாள் அளந்தாங்களே, அதை எங்க வச்சீங்க?"

போட்டோக்காரர் வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, வெறும் வெளிச்சத்தை மூன்று முறை அடித்தார். "அவ்வளவுதான். எடுத்தாச்சு" என்றார்.